‘ஜில்லுனு இருக்கு’ன்னு சொன்னாரா? அப்ப அந்த ‘ஏ’வை திரும்ப பாக்க சொல்லுங்க

போன மாசம் கழுத்து வலி பத்தி எழுதும்போது கடைசியில தண்டுவடத்துல அடிபட்டவங்களுக்கு ஏ, பி, சி-ன்னு போடுற கிரேடு பத்தி ரெண்டு வரி சேத்து எழுதியிருந்தேன். அந்த ரெண்டு வரிக்குத்தான் இவ்ளோ கடிதம் வந்திருக்கு, கழுத்து வலிய யாரும் கண்டுக்கவே இல்ல. படிக்க படிக்க மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா நிறைய வீட்டுல அந்த ஒரு எழுத்த வச்சு ஆளோட கதையே முடிஞ்ச மாதிரி முடிவு பண்ணிட்டாங்க. அதனால இந்த தடவை பக்கம் பூரா அதுக்குத்தான்.

கேள்வி (ஒரு வாசகி, பொள்ளாச்சி பக்கம்): டாக்டர் ஐயா, என் வீட்டுக்காரருக்கு தேங்காய் பறிக்கிற வேலை. ஆறு வாரத்துக்கு முன்னாடி மரத்துல இருந்து விழுந்துட்டாரு. டி12 எலும்பு உடைஞ்சுதுன்னு கம்பி வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. ரெண்டு காலும் அசையல. டிஸ்சார்ஜ் சம்மரில ‘டி10, ஏசியா ஏ’ன்னு எழுதியிருக்கு. ஏ-ன்னா முழுசா போச்சுன்னு அர்த்தம், இனி பிசியோவுக்கு காச கரைக்காதீங்கன்னு எங்க சொந்தத்துல ஒருத்தர் சொல்றாரு. ஆனா ஒண்ணு ஐயா, மோஷன் போனப்புறம் ஈரத்துணியால தொடைக்கும்போது ரெண்டு மூணு தடவை ‘ஜில்லுனு இருக்கு’ன்னு சொன்னாரு. அந்த எடத்த பத்தி எப்படி டாக்டர்கிட்ட சொல்றதுன்னு கூச்சப்பட்டு விட்டுட்டேன். அதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

பதில்: இருக்கும்மா. நீங்க எழுதுன ஒன்றரை பக்கத்துல முக்கியமான வரி அதுதான், அதை கடைசியில தயங்கி தயங்கி எழுதியிருக்கீங்க.

முதல்ல இந்த ஏசியா. அது கண்டத்தோட பேரு இல்ல, அமெரிக்கன் ஸ்பைனல் இஞ்சுரி அசோசியேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதோட சுருக்கம். தண்டுவடத்துல அடிபட்டா எவ்ளோ பாதிப்புன்னு பாக்க அவங்க கொண்டு வந்த முறையத்தான் இன்னைக்கு உலகம் பூரா வச்சிருக்காங்க. ஏ, பி, சி, டி, ஈ-ன்னு அஞ்சு கிரேடு. ஏ தான் மோசமான பாதிப்பு, ஈ-ன்னா அடிபட்டு பாதிப்பு வந்து இப்ப பரிசோதனையில எல்லாம் நார்மல். ஸ்கேன பாத்து இத போடுறதில்ல, அத நல்லா புரிஞ்சுக்கணும். எம்ஆர்ஐ எவ்ளோ பயங்கரமா இருந்தாலும் கிரேடு போடுறது கையால தொட்டு பாத்துத்தான்.

எப்படி பாப்பாங்கன்னா, ஆள மல்லாக்க படுக்க வச்சு கண்ண மூடச் சொல்லிருவாங்க. பஞ்ச திரிச்சு ஒரு நூல் மாதிரி எடுத்து முதல்ல கன்னத்துல தொட்டு ‘இப்படித்தான் இருக்கும், தெரியுதா’ன்னு கேப்பாங்க, அப்புறம் தலைக்கு பின்னாடி இருந்து ஆரம்பிச்சு கழுத்து, கை, நெஞ்சு, வயிறு, தொடை, பாதம்னு ஒரு பக்கத்துக்கு 28 இடம், ரெண்டு பக்கமும் தொட்டுட்டே வருவாங்க. கன்னத்துல இருந்த மாதிரியே இருந்தா 2, தெரியுது ஆனா ஒரு மாதிரி இருக்குன்னா 1, தெரியவே இல்லன்னா 0. அப்புறம் அதே 28 இடத்துல சேஃப்டி பின். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, பின்னோட கூர் பக்கம் எது மொட்டை பக்கம் எதுன்னு பிரிச்சு சொல்லணும், ஏதோ தொடுறது தெரியுது ஆனா எதுன்னு தெரியலன்னா அது 0 தான். தசைக்கு தனியா பாப்பாங்க, ஒரு கையில அஞ்சு ஒரு கால்ல அஞ்சு, ரெண்டு பக்கமும் சேத்து 20, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 5 வரைக்கும் மார்க், மொத்தம் 100.

இவ்ளோ பாத்தும் ஆள் ஏ-வா இல்லையான்னு முடிவாகாது. முடிவாகுறது கடைசி இடத்துல, ஆசனவாய்ல. தண்டுவடத்துல இருந்து கிளம்புற நரம்புல கிட்டத்தட்ட கடைசி அங்கதான் போகுது, எஸ்4-5ன்னு சொல்லுவாங்க. அங்க நாலு விஷயம் பாக்கணும், சுத்தி பஞ்சு தெரியுதா, பின் தெரியுதா, கிளவுஸ் போட்ட விரல உள்ள விட்டு அழுத்துனா அழுத்தம் தெரியுதா, ‘மோஷன அடக்குற மாதிரி இறுக்குங்க’ன்னு சொன்னா விரல இறுக்க முடியுதா. இந்த நாலும், ரெண்டு பக்கமும், சுத்தமா இல்லன்னாத்தான் ஏ. நாலுல ஒண்ணு, ஒரே ஒரு பக்கம், லேசா இருந்தாலும் அவர் ஏ கிடையாது. காரணம் சிம்பிள், கடைசி வீட்டுக்கு தண்ணி வருதுன்னா நடுவுல பைப்பு பூரா அடைக்கலன்னு தானே அர்த்தம். அடிபட்ட இடத்த தாண்டி ஏதோ சில நார் உயிரோட இருக்கு.

இந்த பரிசோதனையத்தான் நிறைய பேருக்கு பண்ணாமலே விட்டுடுறாங்க, இல்ல அவசரத்துல பாத்துட்டு விட்டுடுறாங்க. வார்டுல சுத்தி ஆளுங்க, மறைக்க ஸ்கிரீன் இருக்காது, அடிபட்டவருக்கு வெக்கம், பாக்குறவங்களுக்கும் தயக்கம். அதுலயும் அட்மிஷன் அன்னைக்கு பாத்தது கணக்குல நிக்காது. அடிபட்ட உடனே தண்டுவடம் மொத்தமா உறைஞ்ச மாதிரி ஆயிரும், ஸ்பைனல் ஷாக்னு சொல்லுவோம், அப்ப கை கால் துவண்டு போய் ரிஃப்ளெக்ஸ் கூட வராது, அதோட வலி ஊசி மயக்கம், தலையில அடி, பயம் எல்லாம் சேந்துக்கும். அதனாலதான் 72 மணி நேரம் கழிச்சு திரும்ப முழுசா பாக்கணும்கிறது, அப்ப மார்க் எழுதுற சார்ட்டுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. உங்க சம்மரில எந்த தேதியில பாத்ததுன்னே போடல.

இப்ப அந்த ஈரத்துணிக்கு வர்றேன். சில்லுன்னு தெரியுறது இந்த பரிசோதனையில சேத்தி இல்ல. ஆனா ஊசி குத்துற உணர்வும் குளிர்ச்சியும் தண்டுவடத்துல ஒரே பாதையிலதான் மேல போகுது. அதனால நீங்க சொன்னது உண்மையிலேயே அந்த இடத்துல தெரிஞ்சிருந்தா, பின்னும் தெரிய வாய்ப்பிருக்கு, தெரிஞ்சா அவர் பி, அதாவது கால் அசையலன்னாலும் கடைசி வரைக்கும் உணர்வு கொஞ்சம் இருக்கு. எஸ்4-5ல பின் தெரியுறவங்களுக்கு, வெறும் பஞ்சு மட்டும் தெரியுறவங்கள விட கால் திரும்புறதுக்கு சான்ஸ் நல்லா இருக்குன்னு பல வருஷமா பாத்துட்டு வர்றோம். அதனால அடுத்த தடவை போகும்போது கூச்சமே படாம இதே வார்த்தைய சொல்லுங்க, ‘தொடைக்கும்போது ஜில்லுனு இருக்குன்னு சொல்றாரு டாக்டர், பின்பக்கம் திரும்ப பாத்து முழு சார்ட்டும் எழுதி குடுங்க’. எழுத்து மட்டும் வாங்கிட்டு வராதீங்க, சார்ட் வேணும், அப்பத்தான் மூணு மாசம் கழிச்சு ஒப்பிட்டு பாக்க முடியும்.

நடந்துருவாருன்னு நான் சொல்லலம்மா. சரியா பாத்து போட்ட ஏ பெரும்பாலும் ஏ-வாவே நிக்கும், அதுதான் நெசம். பி-யா இருந்தாலும் எல்லாருக்கும் கால் வர்றதில்ல. ஆனா ஆறு வாரம்கிறது இன்னும் ஆரம்பம், முதல் மூணு மாசம்தான் வேகமா மாற்றம் தெரியுற நேரம், அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல மெதுவா வரும். இந்த நேரத்துல பிசியோவ நிறுத்த சொல்றவர் பேச்ச கேக்காதீங்க. ஏ-வாவே இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைக்கணும், நேரம் பாத்து டியூப் போட்டு யூரின் எடுக்கணும், வீல்சேருக்கு மாற பழகணும், இதெல்லாம் பிசியோவும் நர்ஸும் சொல்லித்தந்தா தானே தெரியும். படுக்கைப்புண்ணும் யூரின் இன்ஃபெக்‌ஷனும் தான் இவங்க உயிருக்கு வர்ற ஆபத்து.

டி12, டி10 குழப்பம் கேட்டிருந்தீங்க. எலும்பு நம்பர எக்ஸ்ரே சொல்லுது, நரம்பு நம்பர பின் சொல்லுது. டி10னா தொப்புள் மட்டம் வரைக்கும் உணர்வு நல்லா இருக்குன்னு அர்த்தம். தண்டுவடத்துல காயம் உடைஞ்ச எலும்புக்கு மேல கொஞ்சம் ஏறியும் இருக்கும், அதனால ரெண்டு நம்பரும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு இல்ல. தமிழ்ல எழுதுனா எலும்பு டி-யும் கிரேடு டி-யும் ஒண்ணு மாதிரி தெரியும், பக்கத்துல நம்பர் இருந்தா அது இடம் (சி-ன்னா கழுத்து, டி-ன்னா அதுக்கு கீழ நெஞ்சுப்பக்கம்), தனி எழுத்தா இருந்தா அது கிரேடு.

கேள்வி (ஒரு வாசகர், தஞ்சாவூர்): அப்பாவுக்கு 68 வயசு. பாத்ரூம்ல வழுக்கி முகவாய் இடிச்சு விழுந்தாரு. கழுத்து எலும்பு எதுவும் உடையல. பிடிச்சுக்கிட்டு நடக்குறாரு. ஆனா கை ரெண்டும் சுத்தமா வேலை செய்யல, சட்டை பட்டன் போட முடியல, சோறு பிசைய முடியல. ‘டி கிரேடு தான், லேசான பாதிப்பு’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. லேசுன்னா ஏன் சார் அப்பாவுக்கு நான் ஊட்டி விடவேண்டியிருக்கு?

பதில்: தம்பி, உங்க கேள்வி ரொம்ப நியாயம். லேசுன்னு சொன்னது தப்பு.

வயசானவங்களுக்கு கழுத்துல எலும்பு தேஞ்சு தண்டுவடம் போற பாதையே குறுகி இருக்கும். முகவாய் இடிச்சு தலை பின்னாடி மடங்கும்போது அந்த குறுகின இடத்துல தண்டுவடம் நசுங்குது, எலும்பு உடையணும்னு அவசியமே இல்ல. இப்படி அடிபட்டா கால விட கை தான் ஜாஸ்தி பாதிக்கும். சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம்னு பேரு. தடுக்கி விழுற வயசானவங்ககிட்ட இத அடிக்கடி பாக்குறோம்.

இப்ப கிரேடு எப்படி வந்துச்சுன்னு கணக்கு போட்டு பாருங்க. அடிபட்ட மட்டத்துக்கு கீழ இருக்குற முக்கிய தசைகள்ல பாதியோ அதுக்கு மேலயோ குறைஞ்சது 3 மார்க் வாங்குனா டி, பாதிக்கு கீழ வாங்குனா சி. 3 மார்க்னா பூமி இழுக்குற இழுப்ப எதிர்த்து தூக்க முடியுதுன்னு அர்த்தம். அப்பாவுக்கு கழுத்துல சி4 மட்டம்னு வச்சுக்குவோம், 20 தசையும் அதுக்கு கீழ வந்துரும். கால் தசை பத்தும் 3 இருந்து, கை தசை பத்தும் பூஜ்யமா இருந்தாலும் இருபதுல பத்து, பாதி வந்துருச்சு, டி. ரெண்டு கையும் செத்து கெடந்தாலும் டி தான். எத்தனை தசைன்னுதான் அந்த எழுத்து எண்ணும், எந்த தசைன்னு அதுக்கு தெரியாது. அதனால சார்ட்டுல கைக்கு 50, காலுக்கு 50னு தனித்தனியா மார்க் இருக்கும், அதுல கை மார்க்க பாருங்க. உங்க அப்பாவோட கஷ்டம் அந்த நம்பர்லதான் தெரியும்.

கைக்குன்னே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைக்கு கைய பழக்குறவர்) ஒருத்தர பாருங்க, லேட் பண்ணாதீங்க. கால் முதல்ல வரும், கை மெதுவாத்தான் வரும், விரல் கடைசி. பாதை குறுகி இருக்குறதுக்கு ஆபரேஷன் வேணுமான்னும் ஸ்பைன் சர்ஜன்கிட்ட கேட்டுருங்க.

கேள்வி (நர்சிங் மாணவி, மதுரை): எங்க பழைய புக்குல ஃபிராங்கல் கிரேடுன்னு இருக்கு, வார்டுல ஏசியான்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா மேடம்/சார்?

பதில்: தாய் புள்ள உறவு. இங்கிலாந்துல ஸ்டோக் மாண்டவில்னு ஒரு ஆஸ்பத்திரி, ரெண்டாம் உலகப்போர் நடக்கும்போது 1944ல லுட்விக் குட்மன் அங்க தண்டுவட காயத்துக்குன்னு தனி வார்டு ஆரம்பிச்சாரு, நாஜிகளுக்கு தப்பி ஜெர்மனியில இருந்து வந்த டாக்டர். அதுக்கு முன்னாடி இந்த மாதிரி அடிபட்டா கொஞ்ச நாள்ல புண்ணு வச்சோ இன்ஃபெக்‌ஷன்லயோ செத்துருவாங்கன்னு கைவிட்டுருவாங்க. அவர் தன் நோயாளிகளுக்கு 1948ல நடத்துன வில்வித்தை போட்டிதான் பின்னாடி பாராலிம்பிக்ஸா வளந்துச்சு. அதே ஆஸ்பத்திரியில ஹான்ஸ் ஃபிராங்கலும் கூட இருந்தவங்களும் 1969ல அந்த ஏ டூ ஈ முறைய வெளியிட்டாங்க.

அதுல சிக்கல் என்னன்னா, அசைவு ‘பிரயோஜனம் இல்லாத’ அளவுல இருந்தா சி, ‘பிரயோஜனமா’ இருந்தா டி-ன்னு இருந்துச்சு. பிரயோஜனம்னா எவ்ளோ? ஒரே ஆள ரெண்டு டாக்டர் பாத்தா ரெண்டு எழுத்து வரும். 1992ல ஏசியா அத திருத்தி பாதி தசை, 3 மார்க்னு எண்ணிக்கைக்கு கொண்டு வந்தாங்க, எஸ்4-5ல ஒண்ணுமே இல்லன்னாத்தான் ஏ-ங்கிற விதியும் அப்பத்தான் உறுதியாச்சு. 2019லயும் சில திருத்தம் வந்திருக்கு, பழைய எலும்பு முறிவு, சர்க்கரை நோயால மரத்த கால் மாதிரி தண்டுவடத்துக்கு சம்பந்தமில்லாத குறை இருந்தா மார்க் பக்கத்துல நட்சத்திரம் போடணும். நர்ஸ்னு உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்குறேன், அந்த பின்பக்க பரிசோதனை நடக்கும்போது ஸ்கிரீன இழுத்து விட்டு சொந்தக்காரங்கள வெளிய அனுப்புறது உங்க கையிலதான் இருக்கு. அது மட்டும் நடந்தாலே பாதி தப்பான ஏ குறையும்னு நான் நம்புறேன்.

கேள்வி (ஒரு அம்மா, திருநெல்வேலி): மகனுக்கு 21 வயசு, பைக் ஆக்சிடென்ட், சி6, ஏ கிரேடு, 14 மாசம் ஆச்சு. விரல் மடங்கியே இருக்குன்னு தினமும் எண்ணெய் போட்டு நல்லா நீவி நிமித்தி விடுறோம். ஸ்டெம் செல் போட்டா சரியாயிரும்னு ஒரு இடத்துல லட்சக்கணக்குல கேக்குறாங்க, வீட்ட விக்கலாமான்னு யோசிக்கிறோம். அப்பப்ப அவனுக்கு தலை வெடிக்கிற மாதிரி வலிச்சு முகம் வேர்த்து ஊத்துது.

பதில்: அம்மா, கடைசி வரியத்தான் முதல்ல சொல்லணும். உங்க மகன் மாதிரி, நெஞ்சுல டி6 மட்டமோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு, யூரின் டியூப் மடங்கி யூரின் வெளிய வராம உள்ளயே தேங்குனாலோ, மலம் கெட்டிப்பட்டாலோ, பிபி திடீர்னு எகிறும். மூளைக்கு தெரியாம கீழ் உடம்பு அடிக்கிற அலாரம் அது. அவங்களுக்கு சாதாரணமாவே பிபி 90, 100னு தான் இருக்கும், அதனால 140 காட்டுனாக்கூட அது அவங்களுக்கு ரொம்ப அதிகம், மத்தவங்க கணக்குல பாத்து விட்டுடாதீங்க. தலைவலின்னு படுக்க வைக்கக்கூடாது, உடனே நிமித்தி உக்கார வைங்க, இறுக்கமான துணி பெல்ட் எல்லாம் தளத்துங்க, டியூப்ப பாருங்க. சில நிமிஷத்துல அடங்கலன்னா ஆஸ்பத்திரி, எமர்ஜென்சின்னே சொல்லுங்க. ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியாங்கிற இதோட பேர ஒரு சீட்டுல எழுதி அவன் பாக்கெட்லயே வைங்க.

ரெண்டாவது, விரல நீவி நிமித்துறத இன்னையோட நிறுத்துங்க. சி6னா மணிக்கட்ட மேல தூக்க முடியும். மணிக்கட்ட தூக்கும்போது விரல் தன்னால மடங்கி கட்டைவிரல் ஆள்காட்டி விரல் பக்கம் வந்து ஒட்டும், கீழ விட்டா தன்னால விரியும். உங்க கையிலயே தளத்தி விட்டு செஞ்சு பாருங்க, தெரியும். அந்த பிடியில ஸ்பூன் பிடிக்கலாம், போன் எடுக்கலாம், டூத் பிரஷ் பிடிக்கலாம். மணிக்கட்டும் விரலும் ஒரே நேரத்துல நிமிந்து இருக்குற மாதிரி இழுத்து இழுத்து விட்டா அந்த தசைநார் நீண்டு போய் பிடியே போயிரும், பாசத்துல பண்றது அவன் கைய கெடுத்துரும். எப்படி பயிற்சி குடுக்கணும்னு தெரபிஸ்ட் காட்டுவாங்க.

ஏ-ங்கிற எழுத்த விட சி6ங்கிற நம்பர்தான் உங்க மகனோட தினசரி வாழ்க்கைய தீர்மானிக்குது. அதுக்கு ஒரு படி கீழ சி7 தசை, முழங்கைய நீட்டுற தசை, அதுல கொஞ்சம் பலம் வந்தா கைய ஊன்றி தானே கட்டில்ல இருந்து வீல்சேருக்கு மாறலாம். 14 மாசத்துல எழுத்து மாறாம, மட்டம் மட்டும் ஒரு படி இறங்கிருக்கலாம், யாராவது திரும்ப பாத்தாங்களா? பாக்க சொல்லுங்க.

வீட்ட விக்காதீங்க. 2017ல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) போட்ட வழிகாட்டுதல்படி தண்டுவடத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு, சிகிச்சைன்னு விக்க அனுமதி கிடையாது, ஆராய்ச்சின்னா நோயாளிகிட்ட காசு வாங்கவும் கூடாது. அந்த பணத்துல நல்ல மறுவாழ்வு மையத்துல சில மாசம் சேருங்க, பாத்ரூம வீல்சேர் போற மாதிரி மாத்துங்க. உங்க ஊர்ல இருந்து கொஞ்ச தூரத்துலதான் தென்காசி பக்கம் ஆய்க்குடி, அங்க அமர் சேவா சங்கத்த 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் யாருன்னு மகனுக்கு சொல்லுங்க, அவரும் காலேஜ் படிக்கும்போது 1975ல கடற்படை தேர்வுக்கு போன இடத்துல விழுந்து கழுத்துல அடிபட்டு கை கால் போனவர்தான். வேலூர் சிஎம்சியில டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ செயலிழந்து, வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிகளுக்கு கை ஆபரேஷன் பண்ணவங்க, அப்புறம் அங்க மறுவாழ்வு துறையவே நடத்துனாங்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல யுடிஐடி கார்டுக்கும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மாச உதவித்தொகைக்கும் எழுதி குடுத்துட்டீங்களா?

கேள்வி (ஆட்டோ ஓட்டுற வாசகர், சேலம்): ரோட்டுல அடிபட்டவங்கள நிறைய தடவை தூக்கிட்டு போயிருக்கேன். தண்டுவட அடின்னு எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி தூக்குறது?

பதில்: அண்ணே, உங்கள மாதிரி நின்னு பாக்குறவங்க இருக்குறதே பெரிய விஷயம். கழுத்தோ முதுகோ வலிக்குதுன்னாலோ, கை கால் மரத்திருக்கு, அசையலன்னாலோ, இல்ல உயரத்துல இருந்து விழுந்து மயக்கமா கெடந்தாலோ தண்டுவட அடின்னே வச்சுக்குங்க. ஒருத்தர் அக்குள்ளயும் ஒருத்தர் கால்லயும் பிடிச்சு மூட்டை மாதிரி தூக்கி ஆட்டோவுல மடக்கி உக்கார வைக்கிறதுதான் ரொம்ப ஆபத்து, நொறுங்கின எலும்பு அந்த நேரத்துல தண்டுவடத்துல போய் குத்துச்சுன்னா சி-யா வர வேண்டியவர் ஏ-வா வரலாம். 108க்கு போன் போட்டுட்டு, வண்டி மோதுற ஆபத்தோ தீயோ இல்லன்னா ஆள அசைக்காம அப்படியே வைங்க. மூச்சு விடுறதுக்கு தடையா இல்லன்னா ஹெல்மெட்ட கழட்ட வேணாம். ஒருத்தர் தலைமாட்டுல மண்டி போட்டு தலைய ரெண்டு கையால ஆடாம பிடிச்சுக்கட்டும். வாந்தி எடுத்தார்னா திருப்பித்தான் ஆகணும், அப்ப தோள்ல ஒருத்தர், இடுப்புல ஒருத்தர், கால்ல ஒருத்தர்னு பிடிச்சு கட்டைய உருட்டுற மாதிரி மொத்தமா ஒரே நேரத்துல ஒருக்களிக்கணும், ஒண்ணு ரெண்டு மூணு சொல்றது தலைய பிடிச்சிருக்குறவர் மட்டும்தான்.